பெரிய கடைசல் லேத்து: அமைக்கும் முறை

கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பலாமரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பேர்போனது. பருத்த மரங்களைக் கடைவதற்குரிய பெரிய லேத்தை ஒருவர் தனித்து வாங்குதல் அரிது. சங்கத்தார் கூடி வாங்கலாம். வாங்குமுன் அங்கத்தினர்கள் அறிய வேண்டியன வருமாறு:

1. அளவு: சுழலும் தண்டின் மையம் அடிச்சட்டத்திற்கு மேல் 10 அங்குலம் உயர்ந்திருப்பின், 20 அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த குறுக்களவுள்ள மரத்தைக் கடையலாம்.

2. அஸ்திவாரம்: லேத்தைக் கான்கிரீட் தளத்தில் ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, போல்ட்டுகளால் இறுக்குக. அது அதிர்ந்தால் உளி துள்ளும். தண்டின் மையம் கடைபவரது முழங்கை உயரத்தில் அமைதல் நலம். மரத்தைத் தாங்கும் இருபக்க முனைகளும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும்.

3. வேகம்: மரம் பருக்கப் பருக்க வேகம் குறைய வேண்டும். குறுக்களவின் அங்குலத்தை நிமிஷச் சுற்றுக்களால் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வருதல் தொழிலாளர் கணக்கு. 18 அங்குல மரத்திற்கு ஏறக்குறைய 330 முதல் 500 சுற்றுக்கள். உருட்டப்படாத கரட்டு மரத்தை இதனினும் தாழ்ந்த வேகத்தில் தொடங்குக.

4. காப்பு: விசையைப் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு முறை சுற்றி, உளிதாங்கியில் தட்டவில்லையென உறுதி செய்க. முகக்காப்பு அணிக. தோளில் துண்டு கூடாது; அது சுற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மோட்டாருக்கு எர்த் இணைப்பு இன்றியமையாதது.

ஆகவே லேத்தின் விலையோடு தளம், மோட்டார், காப்புச் சாதனங்கள் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே சங்கம் தீர்மானம் செய்க. அவற்றில் மிச்சம் பிடித்தால், நஷ்டம் அடைவது தொழிலாளியின் உடலே.