உப்பளத்துக்குப் போக முடியாத வயசில்



கிளியனூர் குழுக் கூட்டத்தில் ஒரு ஆயா கேட்டாங்க: "எனக்குத்தான் அறுபது தாண்டிடுச்சே, ஓ.ஏ.பி. பணம் ஏன்மா வரலை?" ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தால் வயது 54. பதியும்போது தோராயமாக ஒரு வயசு சொன்னாங்களாம். பாத்தி மிதித்துத் தேய்ந்த காலை யார் பார்க்கிறார்கள்? அட்டையில் உள்ள வயதுதான் செல்லும்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. வயது 60 முடிந்திருக்க வேண்டும், வறுமையில் இருக்க வேண்டும். மனு கொடுத்த எல்லோருக்கும் கிடைத்துவிடாது. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

உப்பள வேலை செய்பவர்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்குள் பதியலாம். 60 முடிந்தால் ஓய்வூதியம் கேட்கலாம். 60-க்கு மேல் போய் நின்றால் பதிய மாட்டார்கள். அட்டையைப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

40 வயதுக்குள் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். 2015-இல் வந்த அடல் பென்சன் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். 60 வயதில் மாதம் 1,000 ரூபாய் வேண்டுமென்றால், 25 வயதில் சேர்பவர் மாதம் 76 ரூபாய் கட்ட வேண்டும். 35 வருடத்தில் மொத்தம் 31,920 ரூபாய். 40 வயதில் சேர்பவர் மாதம் 291 ரூபாய் கட்ட வேண்டும். 20 வருடத்தில் 69,840 ரூபாய். வருவது அதே ஆயிரம்தான்! தாமதித்ததற்கு இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறோம். நமக்குப் பின் கணவருக்கும் அதே தொகை வரும். ஆனால் 35 வருடம் கழித்து ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு அரிசி வாங்க முடியும்? முடிந்தவர்கள் 2,000 ரூபாய்க்குச் சேருங்கள். 25 வயதில் மாதம் 151 ரூபாய்தான்.

"மழை மூணு மாசம் அளத்துல வேலையே இல்ல, எப்படிக் கட்டுறது?" என்று கேட்பீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கட்டலாம். மார்ச்சில் தொடங்கினால் அடுத்த தவணை செப்டம்பர். இரண்டு மாதமும் கையில் கூலி இருக்கும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் அபராதம் சேரும் என்பதால், சேரும்போதே வங்கியில் இதைக் கேட்டு எழுதிக்கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் ஆதார் அட்டையுடன் வரவும். ஒவ்வொருவர் வயதையும் குழு நோட்டில் எழுதி, தவறாக இருப்பவர்கள் பெயரைத் தனியாகக் குறிப்போம். அந்த ஆயா பெயர்தான் முதலில்.