மடிக்கணினி வாங்குமுன்

2011-இல் தமிழக அரசு மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பாடம் எழுத அத்தகைய எளிய கணினி போதும். பொறியியல் வரைபடங்களுக்கும் முப்பரிமாண விளையாட்டுகளுக்குமோ தனி வரைகலைச் சில்லு வேண்டும்.

இங்கே ஒரு விதியை நினைவிற் கொள்க: வலிமை கூடினால் வெப்பம் கூடும், வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் செம்பும் வேண்டும், எடையும் கூடும். எனவே சில்லின் பெயரை மட்டும் நம்பலாகாது. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் சில்லு, பொருத்தப்படும் மடிக்கணினிக்குத் தக்கபடி 35 முதல் 115 வாட் வரை மின்சாரம் பெறுகிறது. பெயர் ஒன்றே, வேகம் வேறு. ஆகவே கடையில், "எத்தனை வாட்?" என்று கேளுங்கள். நினைவகம் 16 ஜி.பி. இருத்தல் நலம். விளையாடும்போது பாட்டரி விரைவில் தீரும். ஆதலால் சார்ஜரையும் சேர்த்தே எடை பாருங்கள்.

நம் தூத்துக்குடியின் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். கணினியைக் கடற்காற்று வீசும் ஜன்னலோரம் வைக்காதீர். மெத்தைமேல் வைத்தால் காற்றுவழி அடைபடும்.

உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்துப் பெற்றோர் சேர்த்த பணம் அது. வாரம் ஒருநாள் ஆடும் ஆட்டத்திற்காக நாள்தோறும் மூன்று கிலோ சுமப்பது அறிவுடைமையா? அன்றாட வேலை எதுவோ, அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.