அப்டேட் வந்தது, பிரிண்டர் நின்றது

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து, யூஎஸ்பி கேபிளில் இணைத்த பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறது. புதிதாக வாங்கிவிடச் சொல்கிறார் சர்வீஸ்காரர். வாங்கத்தான் வேண்டுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: பர்ஸைத் திறக்காதீர்கள். கணினியின் தயவில்லாமல் பிரிண்டரிலேயே ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். வந்தால் மெஷின் நலம்.

அடுத்து, செட்டிங்ஸில் பிரிண்டர் பட்டியலைத் திறங்கள். ஒரே பெயர் இரண்டு முறை, ஒன்றில் ‘காப்பி 1’ என்ற ஒட்டோடு இருக்கிறதா? அப்டேட்டுக்குப் பின் விண்டோஸ் சில சமயம் பழைய பிரிண்டரையே புதிதென்று நினைத்து வேறு போர்ட்டில் சேர்த்துவிடும். நீங்கள் அனுப்புவதெல்லாம் ஆளில்லாத பழைய விலாசத்துக்குப் போகும். புதியதை ‘டீஃபால்ட்’ ஆக்குங்கள். டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கடைக்கு அது தொல்லைதான்.

அப்படியும் அசையவில்லையா? சர்வீசஸ் பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்துங்கள். சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டர். உள்ளிருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்து (ஃபோல்டரை அல்ல!) ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள். சிக்கி நிற்கும் பிரிண்ட்கள் போய்விடும்.

கடைசியாக, பிரிண்டரை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கி நிறுவுங்கள். அதை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இலேயே அறிவித்துவிட்டது.

அப்டேட்டையே நீக்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். 2021-இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை இதே ஸ்பூலரில்தான் இருந்தது, அடைத்தது அப்டேட்தான்.