ஒரே தளம், ரெண்டு விடை

ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் ‘துணையலகு வெக்டர் சமன்பாடு’ என்று ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கா? காலேஜில் வெக்டர் கால்குலஸ் யூனிட்டுக்கு வந்ததும் அதே ஆள்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். அடையாளம் தெரியாமல் போவதால்தான் பலருக்கும் சர்ஃபேஸ் இன்டக்ரல் வெறும் மனப்பாடப் பகுதியாகிவிடுகிறது.

ஒரு கணக்கையே எடுத்துக்குவோம். ஏ (1, 0, 2), பி (2, 1, 2), சி (1, 2, 3) ஆகிய மூன்று புள்ளிகள் வழியாகப் போகும் தளம் வேண்டும். ஏ-வில் போய் நில்லுங்க. அங்கிருந்து பி-க்குப் போகும் வெக்டர் (1, 1, 0). சி-க்குப் போவது (0, 2, 1). இந்த இரண்டு திசைகளில் முன்னாலோ பின்னாலோ எவ்வளவு வேண்டுமானாலும் நகரலாம் என்றால், தளத்தின் எந்த இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆர்(யு, வி) = (1, 0, 2) + யு (1, 1, 0) + வி (0, 2, 1)

உள்ளே போவது இரண்டு எண்கள், வெளியே வருவது ஒரு வெக்டர். அவ்வளவுதான். யு = 2, வி = −1 என்று கொடுத்தால் (3, 0, 1) கிடைக்கும். (2, −1) என்பது அந்தப் புள்ளிக்கு வீட்டு முகவரி மாதிரி. (3, 1, 1) என்ற புள்ளிக்கு முகவரி தேடிப் பாருங்க: எக்ஸ் பார்த்தால் யு = 2, இசட் பார்த்தால் வி = −1, ஆனால் ஒய் 0 வருகிறது, 1 வரவில்லை. அதனால் அது இந்தத் தளத்திலேயே இல்லை.

யு, வி இரண்டும் 0-க்குக் குறையாமல், கூட்டினால் 1-ஐத் தாண்டாமல் இருந்தால் அந்தப் புள்ளி ஏபிசி முக்கோணத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் ஒளிக்கதிர் முக்கோணத்தில் படுகிறதா என்று பார்க்க, 1997-இல் மோலரும் ட்ரம்போரும் கொடுத்த வழிமுறை இந்தச் சோதனையைத்தான் செய்கிறது.

இப்போ பக்கத்து பெஞ்ச் நண்பர் பி-யில் நின்று ஆரம்பித்திருக்கிறார்: (2, 1, 2) + யு (−1, −1, 0) + வி (−1, 1, 1). பார்த்தால் உங்க விடைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு. உடனே அடித்துவிடாதீங்க! உங்கள் இரு திசைகளின் கிராஸ் ப்ராடக்ட் (1, −1, 2). அவருடையது (−1, 1, −2). குறி மட்டும்தான் மாறியிருக்கிறது, செங்குத்துக் கோடு ஒன்றே. அவருடைய தொடக்கப் புள்ளியும் உங்கள் சமன்பாடான எக்ஸ் − ஒய் + 2 இசட் = 5-இல் பொருந்துகிறது (2 − 1 + 4). இரண்டுமே சரியான விடைதான். திசைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் மட்டும்தான் சிக்கல்: கிராஸ் ப்ராடக்ட் பூஜ்யமாகி, தளம் கோடாகச் சுருங்கிவிடும்.

அந்த கிராஸ் ப்ராடக்டின் நீளம் √6. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். யு-வி காகிதத்தில் 1-க்கு 1 சதுரம் ஒன்று, தளத்துக்குப் போனதும் √6 பரப்புள்ள இணைகரமாகிறது. பரப்பு எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதுதான் அந்த எண்.

வகுப்பில் டிஎக்ஸ் டிஒய்-ஐ |என் · கே|-ஆல் வகுக்கச் சொல்வாங்களே, அது ஏன் என்று இப்போ பார்க்கலாம். எக்ஸையும் ஒய்யையுமே யு, வி ஆக வைத்துக்கொள்ளுங்க. இசட் = (5 − எக்ஸ் + ஒய்)/2. திசைகள் (1, 0, −1/2), (0, 1, 1/2). கிராஸ் ப்ராடக்ட் (1/2, −1/2, 1), நீளம் √6/2. அலகு செங்குத்து வெக்டரோடு போட்டுப் பார்த்தால் |என் · கே| = 2/√6. தலைகீழாக்கினால் அதே √6/2! ஃபார்முலா வானத்திலிருந்து விழவில்லை. வளைந்த பரப்பிலும் இதே கதைதான். அங்கே இரு திசைகளும் ஆர்-இன் பகுதி வகைக்கெழுக்கள், புள்ளிக்குப் புள்ளி மாறும்.

எக்ஸ் + ஒய் = 1 மாதிரி நிமிர்ந்து நிற்கும் தளம் வந்தால் |என் · கே| பூஜ்யம், வகுக்க முடியாது. அப்போது வேறு ஆயத்தளத்தில் நிழல் விழவைக்கணும். இல்லையென்றால் நேராக (1, 0, 0) + யு (−1, 1, 0) + வி (0, 0, 1) என்று எழுதிவிடலாம். கிராஸ் ப்ராடக்ட் (1, 1, 0), மடங்கு √2. எதையும் எதாலும் வகுக்கவே வேண்டாம்.