பிணி நீங்கும் காலத்துப் பிராணாயாமம்

ஸந்தியாவந்தனம் செய்வோர் அனைவரும் நாள்தோறும் பிராணாயாமம் செய்கின்றனர். ஜபத்திற்கு முன் மனத்தை ஒருநிலைப்படுத்த முன்னோர் வகுத்த அம்முறை, நோயினின்று மீள்வோருக்கும் துணையாகும் என்பதைத் தம் வாழ்நாளில் செய்து காட்டியவர் ஸ்ரீ உ.வே. திருமலை கிருஷ்ணமாசார்யர் (1888–1989).

நாலாயிரத்தைத் தொகுத்தருளிய ஸ்ரீமந்நாதமுனிகளின் வம்சத்தில் தோன்றியவர் இவர் என்பது இவர்தம் குலமரபு. மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய இவர், பின்னர் 1950-களில் சென்னைக்கு எழுந்தருளினார். பிணியாளர் வந்தால் முதலில் நாடி பார்ப்பார். வயது, தொழில், உடல்வலிமை ஆகியவற்றை ஆராய்வார். அதன் பின்னரே அவரவர்க்குரிய பயிற்சியைக் கூறுவார். ஒருவருக்கு உகந்தது மற்றொருவருக்கு ஊறு செய்யலாம் என்பது அவர் கண்ட உண்மை. அவ்வழியைப் பேணுதற்பொருட்டே அவர்தம் குமாரர் தேசிகாசாரியார் 1976-ஆம் ஆண்டில் சென்னையில் கிருஷ்ணமாசார்ய யோக மந்திரத்தை நிறுவினார்.

இப்பயிற்சி உதவும் காரணம் யாது? ஓய்விலிருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகின்றார். படுக்கையில் நெடுநாள் கிடந்தவருக்கு மூச்சு மேலோட்டமாகிவிடும். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போதிய அளவு செல்லாமையால் சளி தேங்கும். ஆழ்ந்து மூச்சிழுக்கையில் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் கீழிறங்கி, அப்பகுதி விரிகின்றது. மூச்சை நிதானமாக வெளிவிடுகையில் இதயத் துடிப்பு தணிகின்றது. அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் நோயாளியை ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்வதும் இதுபற்றியே.

முறை எளிது. முதுகு நிமிர்ந்து அமர்க. இயலாதவர் தலையணையில் சாய்ந்திருக்கலாம். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, மூக்கின் வழியே மூன்று எண்ணும் வரை இழுத்து, ஐந்து எண்ணும் வரை வெளிவிடுக. ஆறு சுற்றுகள் போதும். காலையும் மாலையும் செய்யலாம். உணவுண்ட உடனே செய்தலாகாது. தலைசுற்றலோ, மார்பு வலியோ, மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

மூச்சை அடக்கும் கும்பகம் நோயுற்றோர் தாமே முயலத்தக்கதன்று. இதயநோய், இரத்தக் கொதிப்பு உடையோரும் கருவுற்ற மகளிரும் அதனை அறவே தவிர்த்தல் நலம். விரைந்து மூச்சு விடும் கபாலபாதியும் இவர்களுக்கு ஏற்றதன்று.

அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. பயிற்சியால் சற்றே தெம்பு வந்ததும், “இனி மருந்தெதற்கு?” எனத் துணிவோர் உளர். ஆஸ்துமா உடையவர் தம் மருந்தைத் தாமே நிறுத்துவது உயிருக்கே இடராகலாம். மருந்து பிணியைத் தணிக்க, மூச்சு உடலைத் தேற்ற, இரண்டும் இணைந்து செல்லுதல் வேண்டும்.

எம்பெருமான் அளித்த இவ்வுடல் அவனுக்குக் கைங்கர்யம் செய்தற்கன்றோ? பிணியுற்றோர் பொறுமையுடன் பயின்று, அடுத்த ஆண்டுத் திருவிழாவில் தம் காலால் நடந்து வந்து சேவிக்க அவன் அருள்வானாக!