ஷிப்டு வீட்டுப் பெரியவர்கள்: புதிய தன்னார்வலர்களுக்கு

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வீடு வீடாகப் போகப்போகிற பிள்ளைகளே, திட்டங்களுக்குக் குறைவில்லை. அவற்றை ஒரே பெரியவரிடம் கொண்டுவந்து சேர்க்கத்தான் ஆள் வேண்டும்.

1. ஷிப்டு தெரிந்து போங்கள். மகனும் மருமகளும் கம்பெனி பஸ் ஏறிய பிறகு ஒருமுறை, அவர்கள் வீட்டில் இருக்கும்போது ஒருமுறை. தனியாக இருக்கும்போதுதான் பெரியவர் வாய் திறப்பார்.

2. புது மாத்திரை கொடுக்குமுன் பழைய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பாதி மிச்சமிருந்தால் திட்டாதீர்கள். கண் தெரியவில்லையா, மதியம் சாப்பாடு இல்லையா என்று விசாரியுங்கள். வெறும் வயிற்றில் சில சர்க்கரை மாத்திரைகள் ஆளையே மயக்கிப் போட்டுவிடும்.

3. பிரஷரை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பாருங்கள். நின்றதும் இறங்கினால் நர்ஸிடம் சொல்லுங்கள். பிறகு கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை அவரோடு நடந்து பாருங்கள். ஈரத்தரை, உயர்ந்த நிலைப்படி, எரியாத பல்பு: இடுப்பெலும்பு முறிய இவை போதும்.

4. படுத்த படுக்கையாக இருப்பவரின் போர்வையை விலக்கிப் பார்க்கக் கூசாதீர்கள். முதுகின் அடியும் குதிகாலும் சிவந்திருந்தால் புண் வரப்போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது என்று வீட்டாருக்குச் செய்து காட்டுங்கள். உங்கள் திட்டத்திலேயே இயன்முறை மருத்துவர் இருக்கிறார். அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.

5. முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் வீட்டுக்கே வருகிறது. பெரியவரின் ரேஷன் அட்டைக்கு அது உண்டா என்று ரேஷன் கடையில் விசாரியுங்கள்.

6. பெரியவர் மேல் அடித்த தழும்போ பட்டினியோ தெரிந்தால் பஞ்சாயத்து பேசாதீர்கள். 14567 முதியோர் உதவி எண். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இலேயே வந்துவிட்டது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

7. கவனிக்கிற மருமகளிடமும் "நீ தூங்கினாயாம்மா?" என்று கேளுங்கள். அவள் விழுந்தால் இரண்டு நோயாளி.

8. வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிற நர்ஸ், டாக்டர், நீங்கள் எல்லோரும் அதிலேயே எழுதுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரின் டிஸ்சார்ஜ் சீட்டையும் அதிலேயே ஒட்டுங்கள். எந்த வீட்டு நோட்டில் ஒரு மாதமாக எழுத்தே இல்லையோ, அடுத்த நடை அங்கேதான்.