மாலை வகுப்பு, கோடை முகாம்: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1969இல், காந்தி நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) தொடங்கியது. அன்று முதல் கல்லூரி மாணவர்கள் ஊருக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். கொரோனா விடுமுறையில் பிள்ளைகள் பாடத்தை மறந்து நின்றபோது 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் தன்னார்வலர்கள் மாலை 5 மணிக்கு மேல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் கோடை முகாமும் நடத்தப் போகும் நீங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. போன வாரம் வந்த அதே அக்கா, அதே அண்ணன் இந்த வாரமும் வர வேண்டும். பிள்ளைகள் படிப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்கள்.

முதல் படி: ஒரே பள்ளி, சின்னக் குழு

என்.எஸ்.எஸ். மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி. அதைப் பத்து இடத்தில் சிதறவிடாதீர்கள். வாரம் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம் என்று ஒரே பள்ளிக்கு ஒதுக்கினால் 30 வாரத்தில் 90 மணி நேரம் வகுப்புக்கே போகும். மீதி, தயாரிப்புக்கு. கல்லூரித் திட்ட அலுவலரிடம் முதலிலேயே பேசி இதற்குச் சம்மதம் வாங்கிவிடுங்கள். இருபது பிள்ளைக்கு நான்கைந்து பேர் போதும். கல்லூரிக்குப் பக்கத்தில், நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகும் தூரத்தில் உள்ள பள்ளியாகப் பாருங்கள். இரண்டு பஸ் மாறினால் மழைக்காலத்தில் வகுப்பு நின்றுவிடும்.

இரண்டாம் படி: அனுமதி

கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் கட்டடத்தைப் பயன்படுத்த கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வேண்டியிருக்கலாம். வழியைத் தலைமை ஆசிரியரே சொல்வார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் ஒருமுறை போங்கள். யார் வீட்டுப் பிள்ளை, எத்தனை மணிக்குத் திரும்பும், யார் அழைத்துப் போவார் என்பதை அம்மாக்கள் முன்னிலையில் பேசி முடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மூன்றாம் படி: நேரமும் பசியும்

மதியச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைக்கு மாலை நாலரைக்குப் பசிக்கும். சுண்டலோ வேர்க்கடலையோ கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். செலவைப் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் தருவார்கள், கேட்கத்தான் வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் பல பெண் பிள்ளைகள் மாலையில் வர முடிவதில்லை. குட்டியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு பாயும் கொஞ்சம் கலர் பென்சிலும் போட்டால் அது ஒரு மூலையில் கிறுக்கிக்கொண்டிருக்கும், அக்கா படிப்பாள்.

நான்காம் படி: எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

முதல் வாரம் பாடம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, அதே சமயம் எல்லார் கண்ணிலும் படும்படி உட்காரவைத்து எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை என்று வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். பிரதம் அமைப்பு 2005 முதல் ஊர் ஊராகச் செய்யும் அசர் ஆய்வின் முறை இதுதான். பிறகு வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பைப் பார்த்துக் குழு பிரியுங்கள். ஏழாம் வகுப்புப் பையன் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுவான். அவனுக்குச் சின்னவர்களின் கணக்கைத் திருத்தும் பொறுப்பைக் கொடுங்கள். குழுக்களுக்கு 'சுமார்', 'கெட்டி' என்றெல்லாம் பெயர் ஒட்டக் கூடாது. பறவைப் பெயர் வையுங்கள்.

ஐந்தாம் படி: கை வேலை செய்யட்டும்

பள்ளியில் நடந்த பாடத்தையே மறுபடி நடத்தினால் டியூஷன் ஆகிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் அரை மணி வாசிப்பு, மீதி செய்முறை. வாசிக்க துளிர் இதழும் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளும் இருக்கின்றன. கூட்டல் கழித்தலுக்குப் பல்லாங்குழியைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

செய்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: நிழலில்லா நாள். இதை மாலையில் செய்ய முடியாது. அன்று மட்டும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு நண்பகலில் கூடுங்கள். தமிழ்நாட்டில் ஓர் ஊரில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இரண்டே நாள். ஏப்ரல் 10ஐ ஒட்டிக் கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே நகர்ந்து 24 வாக்கில் சென்னைக்கு வரும். ஆகஸ்டில் தெற்கே திரும்பும். சென்னையில் 18 வாக்கில், குமரியில் செப்டம்பர் தொடக்கத்தில். ஒரு சாண் பி.வி.சி. குழாயைச் சமதளமான தரையில் நிறுத்துங்கள். பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தினமும் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வரும் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். 12 ஆனபின்னும் நிழல் இருப்பதைப் பார்த்து பிள்ளைகள் குழாய் சாய்ந்திருக்கிறதா என்று நூலும் கல்லும் கட்டித் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்கள். ஏப்ரலில் என்றால், சென்னையில் 12.07 வாக்கிலும் மதுரையில் 12.17 வாக்கிலும்தான் நிழல் முழுக்கக் குழாய்க்குள் போகும். ஏன் தாமதம் என்ற கேள்வி அங்கேயே வரும். அப்போது வரைபடத்தை விரியுங்கள். நம் கடிகாரம் காக்கிநாடா அருகே போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாமோ அதற்கு மேற்கே இருக்கிறோம். விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். தயவுசெய்து அந்தக் கால் மணி நேரத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: பாதுகாப்பு

இதில் தளர்வே கூடாது. எந்தப் பிள்ளையோடும் யாரும் தனி அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு தன்னார்வலர்கள், முடிந்தவரை ஒருவர் பெண். பைக்கில் தனியாக ஏற்றிச் செல்லக் கூடாது. அடி, குட்டு, தோப்புக்கரணம் எதுவும் வேண்டாம். பெற்றோர் எழுதித் தராமல் பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த தவறைச் சொன்னால் நம்பிக் கேளுங்கள். துருவ வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். திட்ட அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

ஏழாம் படி: கோடை முகாம்

பத்து நாள் போதும். மே மாதத்தில் பாதிப் பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவார்கள், திருவிழாவும் வரும். தேதியை ஊர்க்காரர்களிடம் கேட்டுக் குறியுங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கி பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர்ப் பானையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கையிருப்பில் இருக்கட்டும். கடைசி நாள் விழாவுக்காக நடன ஒத்திகையில் முகாமைக் கரைக்க வேண்டாம். பிள்ளைகள் செய்ததை மரத்தடியில் பரப்பி வைத்து, அவர்களே பெற்றோருக்கு விளக்கினால் அதுவே விழா.

எட்டாம் படி: அடுத்த குழுவுக்கு

நவம்பரிலும் ஏப்ரலிலும் உங்களுக்கே செமஸ்டர் தேர்வு. எந்த வாரம் வர மாட்டோம் என்பதை முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் பிள்ளைகள் வாசலில் காத்திருப்பார்கள். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம்: எதை வாசிக்கிறாள், எங்கே திணறுகிறாள், எது பிடிக்கும். மூன்றாம் ஆண்டு முடிந்து போகும் முன், இரண்டாம் ஆண்டு மாணவர்களை நான்கு வாரம் கூடவே அழைத்துப் போய் ஒவ்வொரு பிள்ளைக்கும் அறிமுகம் செய்துவிட்டு, அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள். அதன் நகல் ஒன்றை ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.